பெருங்கூச்சல் அணி

காலை பதினொன்று பத்துக்குப் பிரேமினி தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். கொரோனா ஊசி போடுகிறவர்கள் மூன்று மணி வரைதான் இருப்பார்கள்.

இதற்கு முன் இரண்டு தடவை வந்துபோயிருந்தார்கள். அவளுடைய அப்பா மாயாண்டி இரண்டு தடவையும் விறகு வெட்டப் போய்விட்டார். இது மூன்றாவது தடவை, கடைசித் தடவை என்றும் சொல்லிவிட்டார்கள். இனிப் போட வேண்டுமென்றால் நுவரெலியாவுக்குப் போக வேண்டும். ஊரடங்கில் பஸ் இல்லை. தலவாக்கலையிலிருந்து இங்கே வருவதற்குள் அவளையே இரண்டு இடத்தில் பொலிஸ் மறித்தது. ஆசிரியை என்ற பாடசாலை அடையாள அட்டையைக் காட்டித்தான் வந்தாள்.

மர்சூக்கின் கடையில் ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. அப்பாவுக்கு பிஸ்கட் வாங்கினாள்.

"வீடியோ பாத்தேன் டீச்சர்," என்றார் மர்சூக். "நல்லாப் பேசுறீங்க."

"அது பட்டிமன்றம், மர்சூக் நானா."

"தெரியும். நீங்கதான் ஜெயிச்சீங்களாமே."

பிஸ்கட்டைப் பையில் போட்டு மேசைமேல் வைத்தார். கையில் தரவில்லை. அவருடைய அண்ணன் போன டிசம்பரில் கொழும்பு ஆஸ்பத்திரியில் இறந்தவர். கொரோனா என்றார்கள். அடக்கம் செய்ய விடாமல் எரித்தார்கள். வீட்டில் ஒருவரும் முகம் பார்க்கவில்லை. அதைப் பற்றி மர்சூக் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை. இன்றும் பேசவில்லை. பிரேமினி பையை எடுத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

பட்டிமன்றம் நடந்தது சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், கோயில் மண்டபத்தில். அப்போது நோய் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது. இளைஞர் மன்றத்தார் ஐம்பது நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கூட்டம் வந்து உட்கார்ந்ததும் நாற்காலிகள் தாமாகவே நெருங்கிக்கொண்டன. தலைப்பு, 'கொரோனா: பேராபத்தா, பெருங்கூச்சலா?' யாருக்கு எந்தப் பக்கம் என்பதை மூன்று நாள் முன்பே சீட்டுப் போட்டு எடுத்திருந்தார்கள். அவளோடு படிப்பிக்கிற கணித ஆசிரியர் கஜேந்திரனுக்குப் பேராபத்து விழுந்தது. பிரேமினிக்குப் பெருங்கூச்சல்.

விழுந்த பக்கத்தை வெல்ல வைப்பதுதான் பட்டிமன்றம். பதினான்கு வயதிலிருந்து அவள் அதைச் செய்கிறாள். கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்பதில் இரண்டு பக்கமும் பேசி இரண்டு தடவையும் வென்றிருக்கிறாள்.

"தள்ளி நில்லு, தள்ளி நில்லுன்னு டீவியில சொல்றாங்க," என்று தொடங்கினாள். "பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவுல நாங்க எட்டுப் பேரு. தள்ளி நிக்கணும்னா தேயிலைக்குள்ளதான் போயி நிக்கணும். கையக் கழுவுன்னு சொல்றாங்க. பீலியில தண்ணி வந்தா ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்க, கழுவிக்கிறோம்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினாள்.

"குளவி கொட்டிச் செத்தாங்களே, அவங்க கணக்க எந்த டீவியில சொன்னாங்க? குளவிக்கு யாரு ஊரடங்கு போட்டா? எங்கம்மா வேலாயி கூடையோட மலையில விழுந்தாங்க. தூக்கிட்டுப் போக கொழுந்து லொறிதான் இருந்துச்சு. கொழுந்த எறக்கி வச்சிட்டுத்தான் எங்கம்மாவ ஏத்துனாங்க."

அங்கே நிறுத்தினாள். ஒருவரும் கை தட்டவில்லை. பெண்கள் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்கள். முன்வரிசையில் மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பெருங்கூச்சல் அணி வென்றது. கஜேந்திரன் கை குலுக்கக் கையை நீட்டி, நினைவு வந்து, கும்பிட்டார்.

யாரோ அவள் பேசிய நான்கு நிமிடத்தை மட்டும் வெட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். அதில் நடுவர் இல்லை, எதிரணி இல்லை, தலைப்பு எழுதிய பதாகையும் இல்லை. 'உண்மையைப் போட்டுடைத்த மலையக ஆசிரியை' என்று மேலே எழுதியிருந்தது. கந்தப்பளையில் பார்த்தார்கள், நல்லதண்ணியில் பார்த்தார்கள், கனடாவில் பார்த்தார்கள். ஒருவர் துணிச்சல்காரி என்றார். ஒருவர் இவளை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்றார். இருவருக்கும் கீழே நூற்றுக்கணக்கானோர் நின்று அடித்துக்கொண்டார்கள். அது பட்டிமன்றம் என்று பிரேமினி இரண்டு நாள் பதில் எழுதினாள். யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

வைகாசியில் நோய் திரும்பவும் ஏறியது. ஆவணியில் கீழ் லயத்து வரிசை வீடுகளில் ஒரே கிழமையில் இரண்டு பேர் போனார்கள். ஒருவன் அழகன். ஐம்பத்து நான்கு வயது.

ஊசி பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம். தொட்டில் சேலைகளைத் தூக்கி கூரை வளையில் முடிந்திருந்தார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒரு மேசையில், ஊசி போடும் மிஸ்ஸிமார் இருவர் இன்னொரு மேசையில். முன்னால் காத்திருப்பவர்கள் உட்காரும் வாங்கு காலியாக இருந்தது.

பிரேமினி சிங்களத்தில் விசாரித்தாள். பரிசோதகர் பட்டியலைத் திருப்பிக் காட்டினார்.

"கீழ் லயத்தில் எல்லாரும் வந்துவிட்டார்கள். பக்கத்தில் சாவு விழுந்ததால் பயம். மேல் லயத்தில் இருபது காம்பரா. ஒருவர்கூட வரவில்லை. யாரோ ஒரு டீச்சர் வீடியோவில் பேசியிருக்கிறாளாம். படித்தவர்களே இப்படி." முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த அவள் கண்களைப் பார்த்தார். "நீங்கள் யாருடைய வீடு?"

"மாயாண்டி. மேல் லயம்."

"கூட்டிக்கொண்டு வாருங்கள். மூன்று மணிக்குக் கட்டிவிடுவோம்."

மாயாண்டி சட்டையில்லாமல் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது. முப்பத்தோரு வருடம் தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். அந்தத் தூள் நெஞ்சுக்குள் தங்கிவிட்டது. பீலிக் குழாயிலிருந்து ஒரு வாளி தண்ணீர் தூக்கி வந்தால் பத்து நிமிடம் மூச்சு இளைக்கும். இந்த நோய் வந்தால் அவர் தாங்கமாட்டார். அதற்குப் பிரேமினிக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லை.

"வாம்மா. பொலிசு விட்டுச்சா?"

"விட்டுச்சு. சட்டையப் போடுங்கப்பா. போவோம்."

"எங்க?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. பிள்ளைக் காம்பராவுக்கு."

"இந்த வயசுல என்னையப் பிள்ளைக் காம்பராவுல விடப்போறியா?"

பக்கத்துக் காம்பரா நாகலெட்சுமி வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே சிரித்தாள். ஊசிக்காகத் தோட்டத்தில் அன்று லீவு விட்டிருந்தார்கள். ஊசி வேண்டாம் என்றவர்களும் லீவை எடுத்துக்கொண்டார்கள்.

"நீங்களும் போடலயா சித்தி?"

"நான் எதுக்குப் போடுறேன்? நீதான புள்ள எல்லாம் வெறும் கூச்சலுன்னு சொன்ன. எங்க வீட்டு மனுசன் தூங்கும்போது எந்திரிக்கும்போது அதத்தான் போட்டுக் கேக்குறாரு. எனக்கே மனப்பாடமாயிருச்சு."

"சித்தி, அது..."

"பீலியில தண்ணி வந்தா ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கன்னியே. தொரைக்கே செருப்படி."

பிரேமினி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரே ஒரு ஊசி. எனக்காக."

மாயாண்டி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார்.

"உங்கம்மா போயி ஒம்பது வருசம். தோட்டத்துல ஒருத்தன் அதப்பத்தி வாயத் தொறக்கல. யூனியன்காரன் தொறக்கல. நானும் தொறக்கல. நீதான் அத்தனை பேரு முன்னால கொழுந்த எறக்கிட்டு ஏத்துனாங்கன்னு சொன்ன. இப்ப நானே போயி கைய நீட்டுனா என்னா அர்த்தம்? எம்மக சொன்னது பொய்யின்னுதான?"

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கஜேந்திரனுக்கு அழைப்பு எடுத்தாள்.

"கஜேந்திரன் சேர், கொஞ்சம் வர முடியுமா? லிந்துலையிலதான இருக்கீங்க. எங்க லயத்துல வந்து பேசணும். நீங்கதான பேராபத்து அணி. அன்னிக்குப் பேசுனத அப்படியே பேசினாப் போதும்."

மறுபக்கம் கஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. நான் இன்னும் ஊசி போடல."

"ஏன்?"

"அம்மா வேணாங்கிறாங்க. உங்க வீடியோவப் போட்டுக் காட்டுறாங்க. உண்மையச் சொன்னா, அன்னிக்கே எனக்கு உங்க பக்கந்தான் சரின்னு பட்டுச்சு. சீட்டு மாறி விழுந்திருச்சு."

அவள் அழைப்பை வைத்தாள். ஒன்றரை மணி.

பீலியடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். இஸ்தோப்புகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிரேமினி நடுவில் போய் நின்றாள். எல்லாரையும் கொஞ்சம் கிட்ட வரச் சொன்னாள். சொன்ன பிறகு, தள்ளியே நிற்கச் சொன்னாள். அதற்கே ஒரு சிரிப்பு எழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை, வராந்தாவில் படுக்க வைக்கிறார்கள் என்றாள். ஒக்சிசன் சிலிண்டருக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றாள். ஊசி போட்டவர்களுக்கும் நோய் வரலாம், ஆனால் சாவு குறைவு என்றாள். ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்தபோது அது கீழே விழுந்து கிடந்ததுபோல் இருந்தது.

"அழகன் அண்ணனப் பாருங்க. போன கெழமை இந்தப் பாதையில நடந்து போனவரு."

"அழகனுக்கு மொதல்லயே நெஞ்சு வலி," என்றார் ஒருவர்.

"எங்கப்பாவுக்கு இளைப்பு இல்லையா? உங்களுக்குச் சக்கரை இல்லையா?"

"ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சலாம்," என்றாள் ஒருத்தி. "ரெண்டு நாளு மலைக்கு வேலைக்குப் போகாட்டி உலையில எதப் போடுறது? அதையும் நீதான் அன்னிக்குச் சொன்ன. நாங்க வீட்டுல இருந்தா நோயி சாகாது, நாங்கதான் சாவோம்னு."

சொல்லியிருந்தாள். நல்ல இடம் அது. அப்போது விசில் பறந்தது.

நாகலெட்சுமி சுளகை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏம் புள்ள, ஒண்ணு சொல்லவா? அன்னிக்கு நீ பேசும்போது ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. இன்னிக்கு மிஸ்ஸியம்மா நோட்டீஸ் படிக்கிற மாதிரி இருக்கு. கொரலே ஏறல."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. கெட்டிக்காரி ஒருநாள் சறுக்கினால் சிரிக்கிற சிரிப்பு. மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. மகள் தோற்றுப்போவதை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை.

எது எடுபடும் என்று பிரேமினிக்குத் தெரியும். அம்மா எடுபடும். குளவி கொட்டியபோது நேரத்துக்கு ஓர் ஊசி கிடைத்திருந்தால் வேலாயி பிழைத்திருப்பாள். அது உண்மையும்கூட. அம்மாவை இந்தப் பக்கத்துக்குத் திருப்புவது ஒரு வாக்கிய வேலை. அங்கே குரலை இறக்கி, லொறியைச் சொல்லி, நிறுத்தினால் போதும். மூன்று மணிக்குள் லயம் முழுவதும் வரிசையில் நிற்கும். சித்திரையில் அவளுடைய குறிப்புப் புத்தகத்தில் லொறி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் 'நிறுத்து' என்று எழுதியிருந்தாள்.

"எங்கம்மா..." என்று தொடங்கினாள்.

சிரிப்பு நின்றது. பீலியடியில் ஒருத்தி குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். மாயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். மண்டபத்தில் குனிந்ததுபோலவே.

பிரேமினி அதை விட்டாள்.

"அது சீட்டு," என்றாள்.

"எது?"

"அன்னிக்கு நான் பேசுனது. ரெண்டு சீட்டு எழுதிப் போட்டாங்க. ஒண்ணுல பேராபத்து, ஒண்ணுல பெருங்கூச்சல். நான் எடுத்ததுல பெருங்கூச்சல் இருந்துச்சு. மத்தத எடுத்திருந்தா நோயி பேராபத்துன்னு பேசியிருப்பேன். அதுலயும் ஜெயிச்சிருப்பேன். நீங்களும் கை தட்டியிருப்பீங்க. நான் நம்பிப் பேசல."

நாகலெட்சுமி ஓரடி முன்னால் வந்தாள்.

"அப்ப எங்களப் பொய்யிக்கு அழ வச்சியா?" என்றாள் நாகலெட்சுமி.

"பட்டிமன்றம்னா அப்பிடித்தான் சித்தி. வக்கீல் பேசுற மாதிரி."

"வக்கீலு எந்தப் பக்கம்னு ஊருக்கே தெரியும்."

"சீட்டுன்னு மேடையில சொன்னாங்களே."

"சொன்னாங்க. யாரு அதக் கேட்டா? நாங்க ஒன்னையத்தான கேட்டோம்."

நாகலெட்சுமி சுளகோடு திரும்பிப் போனாள். பீலியடியிலிருந்து ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ஒரு காம்பராவின் கதவு சாத்தப்பட்டது. இன்னொன்று.

மாயாண்டி எழுந்து உள்ளே போனார். தேசிய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டை. பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பிரேமினி சரிசெய்யக் கையை நீட்டினாள். அவர் தானே சரிசெய்துகொண்டார்.

"நட," என்றார்.

படிக்கட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். அவள் கையைப் பிடிக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார். பாதி தூரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாகலெட்சுமியும் அவள் புருஷனும் இன்னொரு காம்பராவிலிருந்து இரண்டு பேரும் வந்துகொண்டிருந்தார்கள். மற்றப் பதினேழு காம்பராக்களிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

பரிசோதகர் மணியைப் பார்த்தார். இரண்டு இருபது. மாயாண்டியின் பெயரைத் தேடிக் கோடு போட்டார். நோய், வருத்தம் ஏதும் உண்டா என்று மிஸ்ஸி கேட்டாள். இளைப்பு என்று பிரேமினி சொன்னாள்.

"இவருக்கு முதல் தடவையே போட்டிருக்க வேண்டும்," என்று மிஸ்ஸி சிங்களத்தில் சொன்னாள். "யார் இவ்வளவு நாள் தடுத்தது?"

பிரேமினி அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லவில்லை. அவருக்கு அந்தளவு சிங்களம் தெரியும்.

ஊசி ஒரு நொடியில் முடிந்தது. அவர் கண்ணை மூடவும் இல்லை. அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். சுவரோரம் பிள்ளைகளுக்கான குட்டை வாங்குகள் கிடந்தன. மாயாண்டி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சு வரை வந்தது. பிரேமினி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்து நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கடிக்கவில்லை.

நாகலெட்சுமி ஊசி போட்டுக்கொண்டு எதிர் வாங்கில் போய் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பிரேமினியோடுதான் ஒட்டி உட்காருவாள்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"தலை சுத்துதா?"

"இல்லம்மா."

வெளியே மூடுபனி பாதையை மறைத்துக்கொண்டு வந்தது. மிஸ்ஸிமார் சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்கள். பிரேமினி வந்த வேலை முடிந்தது. இரண்டாவது ஊசிக்கு எப்படிக் கூட்டிப்போவது என்று யோசிக்கத் தொடங்கினாள்.

"பிரேமா."

"ம்."

"நோயி பெருசில்லன்னது சீட்டு. சரி. வேலைன்னா அப்பிடித்தான் இருக்கும். எனக்குக் கோவமில்ல."

"சரிப்பா."

பஞ்சைக் கையிலிருந்து எடுத்துப் பார்த்தார். இரத்தம் இல்லை. திரும்ப அதே இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"லொறியச் சொல்லிட்டு, பேச முடியாம நின்னியே தாயி," என்றார். "அதுவுமா?"